தூக்கச் சொன்ன கூடை

மேகமலை ரோட்டில் ஜீப் கவிழ்ந்ததிலிருந்து என் வலது கைக்கு வலுவே இல்லை. போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் இடது கையால் காய் பொறுக்குகிறேன். "வேலைக்குத்தான் போறீங்களே" என்று மாற்றுத்திறனாளி உதவித்தொகை மனுவைத் தள்ளிவிட்டார்கள். மறுபடியும் மனுப் போட்டேன்.

கை விஷயம் தெரிந்தால் முதலாளியம்மா வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்று எனக்குப் பயம். நிறைந்த கூடையைப் பக்கத்தில் இருக்கும் செல்விதான் தூக்கி வைப்பாள்.

ஒருநாள் விசாரணை அதிகாரி கடைக்கே வந்துவிட்டார். முதலாளியம்மாவும் எதிரிலேயே நின்றார்.

"அந்தக் கூடையத் தூக்குங்கம்மா, பாப்போம்" என்றார் அதிகாரி.

பல்லைக் கடித்துத் தூக்கிவிட்டால் உதவித்தொகை போய்விடும். தூக்காவிட்டால் வேலை போய்விடும். வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். உடம்பெல்லாம் நடுங்க, "முடியாது சார்" என்றேன். முதலாளியம்மாவை நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லை.

"இவளுக்குக் கை வராது சார். சேந்த அன்னைக்கே பாத்துட்டேன். செல்விய நான்தான் ஒத்தாசைக்கு விட்டிருக்கேன்" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பி, "இதுக்கு ஏன்த்தா இப்படி நடுங்குற?" என்றார்.

அப்போதுதான் அழுதேன்.

உதவித்தொகை இப்போது வருகிறது, வேலைக்கும் போகிறேன். அதிகாரிகளைக் கண்டால் இன்னமும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆனால் முடியாததை முடியாது என்று சொல்லிவிடுகிறேன்.