பதினாறாம் நாள் மாவில் கோழிக்கால்

மலையூரான பிரிஞ்சாங்கில் எங்கள் வீட்டு மாடியறையைச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். போன வருடம் அதில் ஒரு மாதம் தங்கியவர் மெல்பர்ன்காரர், யூதர். காய்கறிக் கடைகள் இருக்கும் கியா பார்முக்கு வேனில் அழைத்துப் போன முதல் நாளே பாட்டை நிறுத்தச் சொன்னார். என் ரசனைக்கு வீட்டில் தினமும் கிடைக்கும் மரியாதைதானே என்று நிறுத்தினேன். பிறகுதான் காரணம் சொன்னார். அவர் அம்மா இறந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. அதுவரை பாட்டுக் கேட்பதில்லையாம்.

அதற்குப் பிறகு வேனில் பாட்டுக்குப் பதில் மேலுலகம்தான் ஓடியது. இறந்தவரின் ஆன்மாவுக்கு அதிகம் போனால் பன்னிரண்டு மாதம் விசாரணை. மகன் தினமும் சொல்லும் பிரார்த்தனை அதைக் கைதூக்கிவிடும். ஆனால் பதினோரு மாதத்தோடு நிறுத்திவிடுவார்கள். முழுப் பன்னிரண்டும் படுமோசமான ஆட்களுக்குத்தான்; கடைசிவரை சொன்னால் அம்மாவை ஊர் என்ன நினைக்கும்? எனக்கு இது மிகவும் பிடித்துப்போனது. செத்த பிறகும் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயப்படுகிறவர்கள் நம்ம ஆட்கள் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

பேய்களைப் பற்றியும் கேட்டேன். கண்ணுக்குத் தெரியாதாம். ஆனால் கட்டிலைச் சுற்றிச் சாம்பலைத் தூவி வைத்தால் காலையில் சேவல்கால் தடம் இருக்கும் என்று அவர்களுடைய பழைய ஏடுகள் சொல்கின்றன. "இப்ப யாரும் தூவுறதில்ல," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.

அவர் எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோதே, தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் என் மாமனார் காலமானார். தோட்டத்தை விட்டுக் கோலா தெர்லாவுக்குக் காய்கறி போடப் போன மகனிடம், அதாவது என் மச்சானிடம், அவர் சாகும்வரை பேசவில்லை. பதினாறாம் நாள் இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் படைத்து, தரையில் மாவு தூவி, கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பது எங்கள் வழக்கம். திறக்கும்போது மாவில் தடம் இருந்தால் வந்து சாப்பிட்டுப் போனார் என்று அர்த்தம். விருந்தாளியும் பார்க்க வந்திருந்தார். மீன் சம்பலை மச்சானே சமைத்தான்.

"அப்பா இன்னைக்கு வந்து தொட்டாப் போதும் மாமா. என்னைய மன்னிச்சிட்டாருன்னு எடுத்துக்குவேன்," என்றான்.

கதவைத் திறந்தோம். இலை கந்தலாகக் கிடந்தது. மாவு முழுக்க முள்முள்ளாய்க் கால்தடங்கள். நான் விருந்தாளியின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த இங்கிலீஷில் "சேவல்! நீங்க சொன்ன சேவல்!" என்று முனகினேன். பேய்க்குச் சேவல்கால் என்று சொன்ன பரம்பரையில் வந்த மனிதர், நிதானமாகப் பின்சுவரைக் காட்டினார். பலகை விட்டுப்போன சந்து வழியாக அடுத்த வீட்டுக் கோழி ஒன்று வெளியேறிக்கொண்டிருந்தது.

எல்லோரும் சிரித்தார்கள், மச்சானைத் தவிர.

"கோழி முந்திக்கிச்சுடா. அப்பா எப்பவும் லேட்டாத்தானே சாப்பிடுவாரு," என்றாள் என் மனைவி.

"சும்மா இரு அக்கா. உசுரோட இருந்தப்பவே நான் கொண்டாந்தத தொடல. இப்பவா வரப்போறாரு?" பிறகு என் பக்கம் திரும்பினான். "மாமா, அவர கேளுங்க. அவங்கள்ல இப்படி ஆனா என்ன செய்வாங்க?"

கேட்டேன். விருந்தாளி பதில் சொன்னார். முதல் பன்னிரண்டு மாதம் ஆன்மா மேலே போகும், திரும்பக் கீழே வரும், ஒரே நாளில் எதுவும் முடிந்துவிடுவதில்லை என்று அவர்களிடம் ஒரு பேச்சு உண்டாம். அப்படியே தமிழில் சொன்னேன்.

"அப்பாகிட்ட சண்ட போட்ட மவன் கூப்பிட்டாலும் வருவாரா?"

அதையும் கேட்டேன். "சண்டை போடாத மகன்தான் பிரார்த்தனை சொல்லணும்னு இருந்தா, எங்க கோயில்ல ஆளே இருக்காது," என்றார் அவர்.

அதைத் தமிழில் சொன்னதும் மச்சான் இலையை எடுக்கக் குனிந்தான்.

"அப்ப வருசம் பூரா டைம் இருக்குலா," என்றான். இலையைச் சுருட்டிக்கொண்டே, "அக்கா, அடுத்த மாசப் படையலுக்கும் மீன் சொல்லி வையி," என்று சொல்லிவிட்டு, பின்சுவர் ஓட்டையை அடைக்கச் சுத்தியல் கேட்டுக் கோழிக்காரர் வீட்டுக்கே போனான்.