மோட்டார் ஓடினால் நெட் வரும்

சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், மாடி போர்ஷனில் நாங்கள் குடியிருந்தபோது நான் ஒரு மனிதரை மனதார வெறுத்தேன். எங்கள் ஹவுஸ் ஓனர். கீழ் வீட்டில் தனியாக இருந்தார். அந்தத் தெரு முழுக்க ஒரு காலத்தில் அவர் குடும்பத்து வயல். மனைவி இல்லை, ஒரே மகள் கல்யாணமாகி வெளிநாட்டில். பாவம்தான். பாவம் என்று தெரிந்தேதான் வெறுத்தேன்.

காரணம் தண்ணீர். மோட்டார் ஸ்விட்ச் அவர் வீட்டுக் கூடத்தில் இருந்தது. காலையில் மேல் தொட்டிக்குப் பதினைந்து நிமிடம் விடுவார். பதினாறாவது நிமிடம் ஓடியதாகச் சரித்திரமே இல்லை. பிறகு வால்வைத் திருப்பி, அதே மோட்டாரில் தன்னுடைய நான்கு தென்னை மரங்களுக்கு அரை மணி நேரம் விடுவார். பதினோரு மணிக்கெல்லாம் என் குழாயில் காற்றுதான் வரும். எனக்கு அப்போது ஏழாவது மாதம். டாக்டர் வேலைக்கு லீவு போடச் சொல்லி, படி ஏறி இறங்கவே கூடாது என்றும் சொல்லியிருந்தார். கணவர் காலை ஏழரைக்கே ரயிலைப் பிடிக்க ஓடிவிடுவார். நான் தெருமுனை அடிபம்ப்பில் சின்ன வாளி நிறைய அடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறுவேன். தென்னை மரங்கள் ஜம்மென்று நிற்கும்.

“கொஞ்சம் கூட விடச் சொல்லுங்களேன்” என்று கணவரிடம் சொன்னால், “ஓனர்கிட்ட எதுக்கு வம்பு, இன்னும் ரெண்டு மாசம்தானே” என்பார். குழந்தை பிறந்துவிட்டால் வீட்டில் தண்ணீர்ச் செலவு குறைந்துவிடும் என்று நினைத்தார் போலிருக்கிறது.

இந்த லட்சணத்தில் எங்கள் நெட்டும் கீழே போய்க்கொண்டிருந்தது. ஓனரின் மகள் கைக்குழந்தையோடு வந்துபோனபோது அப்பாவுக்கு ஒரு லேப்டாப் வாங்கி வைத்துவிட்டு, “ஒரே வீடுதானே அக்கா” என்று எங்கள் வைஃபை பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கிப் போட்டுவிட்டாள். ஓனரிடம் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? அதிலிருந்து தினமும் காலையில் பேரனைத் திரையில் பார்ப்பார். நான் வாளியோடு படியேறும்போது “தாத்தா பாரு, தாத்தா பாரு” என்று கொஞ்சுவது கேட்கும். ஒரு நாள் மூன்றாம் படியில் கால் வழுக்கியது. நான் விழவில்லை, வாளிதான் உருண்டு போனது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும், இந்த ஆளை விடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

பாஸ்வேர்டை மாற்றினால் அன்று மாலையே வந்து கேட்பார். அது வேண்டாம். அவருக்கு மட்டும், நான் விட்டால் நெட் வர வேண்டும், நான் நிறுத்தினால் நிற்க வேண்டும். எங்கள் ரவுட்டருக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. எல்லாருக்கும் திறக்கும், இல்லையென்றால் எல்லாருக்கும் மூடும். நான் சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்த்தவள். நோண்டுவதுதான் என் தொழில். இரண்டு நாள் தேடியதில் ஒரு வழி கிடைத்தது. ரவுட்டருக்குள் கம்பெனி போட்டிருக்கும் ஃபர்ம்வேரை, அதாவது அதை இயக்கும் மென்பொருளை, தூக்கிவிட்டு, வெளியாட்கள் எழுதி இணையத்தில் வைத்திருக்கும் இன்னொன்றைப் போட்டுக்கொள்ளலாம். அதில் யார் யார் நம் நெட்டில் இருக்கிறார்கள் என்று பட்டியல் வரும். பக்கத்தில் ஒரு கட்டம். டிக் அடித்தால் அந்த ஆளுக்கு மட்டும் கட். கூடவே ஓர் எச்சரிக்கையும் இருந்தது: பாதியில் கரண்ட் போனால் ரவுட்டர் அதோடு செங்கல்தான், எதற்கும் உதவாது.

எங்கள் ஏரியாவில் கரண்டை நம்பி இட்லிக்கு மாவுகூட அரைக்க முடியாது. மோட்டார் போட்டாலே டியூப் லைட் கண்ணடிக்கும். அதனால் தென்னைக்கு விட்டு அவர் மோட்டாரை நிறுத்தும்வரை காத்திருந்து ஆரம்பித்தேன். ரவுட்டரைக் கேபிளால் கம்ப்யூட்டரில் இணைத்து, ஃபைலை ஏற்றி, பட்டனை அழுத்தினேன். ரவுட்டரில் எல்லா விளக்கும் அணைந்தது. கணவருக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே நூறு வரை எண்ணினேன். வயிற்றுக்குள் ஓர் உதை. பிறகு ஒரு பச்சை விளக்கு மினுங்கியது. தாலிக்கொடியில் கிடந்த ஊக்கைக் கழற்றி, ரவுட்டரின் பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் முப்பது விநாடி அழுத்திப் பிடித்தேன். அப்படிச் செய்யத்தான் போட்டிருந்தது. புதுப் பக்கம் திறந்தது. பழைய பாஸ்வேர்டையே கொடுத்தேன். சற்று நேரத்தில் பட்டியலில் அவருடைய லேப்டாப் வந்து நின்றது. டிக் அடித்தேன். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும்.

மறுநாள் கீழிருந்து குரல் வந்தது. “இன்னாம்மா, நெட்டு வர்லியே?”

“லைன்ல ஏதோ பிரச்சனை சார்.”

அன்றைக்கு எனக்குச் சோறு இரண்டு கரண்டி கூடுதலாகவே இறங்கியது.

மூன்று நாள் பட்டினி போட்டேன். நான்காம் நாள் இதைவிட ருசியான ஒன்று தோன்றியது. தலைக்கு மேல் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் டிக்கை எடுத்தேன். சத்தம் நின்றதும் திரும்பப் போட்டேன். பதினைந்து நிமிடம் கொடுக்கிறவருக்குப் பதினைந்து நிமிடம், சரிக்குச் சரி. தென்னைக்கு ஓடும் அரை மணியில் ஒரு விநாடிகூடக் கிடையாது.

ஒரு வாரத்தில் அவரே மேலே ஏறி வந்தார். “மோட்டார் போட்டா நெட்டு வருதும்மா. அதுவும் தென்னைக்கு வுட்டா வர்ல, மேல ஏத்துனாதான் வருது. இன்னா கதை இது?”

“வோல்டேஜ் சார்” என்றேன். எங்கள் பக்கத்தில் எந்தப் பழியையும் வோல்டேஜ் மேல் போடலாம். “தண்ணி மேல ஏறும்போது லோடு சரியா இருக்கு போல.”

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அப்டியா” என்று இறங்கிப் போனார்.

அன்று முதல் மோட்டார் நாற்பது நிமிடம் ஓடியது. தொட்டி வழிந்து சுவரோடு ஊற்றியது. பெட்ஷீட், திரைச்சீலை, மிதியடி என்று கண்ணில் பட்டதையெல்லாம் துவைத்தேன். மதியம் இரண்டாம் முறை குளித்தேன், தேவையே இல்லாமல். பழிவாங்குவது தப்பு என்று சொல்கிறவர்கள், குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் வீட்டில் பிறந்தவர்கள்.

மே மாதம் ஒரு நாள் ஸ்கேன் எடுக்கத் தாம்பரம் போனேன். கிளம்பும் அவசரத்தில் டிக் கட்டத்திலேயே இருந்துவிட்டது. கூட்டத்தில் காத்திருந்து திரும்பி வர மதியமாகிவிட்டது. கேட்டைத் திறக்கும்போதே எரிந்த நாற்றம். அன்று அவர் பேரனுக்கு முதல் பிறந்தநாளாம். கேக் வெட்டுவதைப் பார்க்க மோட்டாரைப் போட்டுவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். நெட் வரவில்லை. இதோ வரும், இதோ வரும் என்று இரண்டு மணி நேரம் ஓடவிட்டிருக்கிறார். போர்வெல்லில் தண்ணீர் இறங்கிப்போய், மோட்டார் வெறுமனே ஓடி, உள்ளே இருக்கும் கம்பிக் காயில் கருகிவிட்டது.

“என் தப்புதாம்மா. பாத்துகினே குந்திட்டேன்” என்றார். கண் சிவந்திருந்தது. நான் மாடிக்குப் போய் முதல் வேலையாக டிக்கை எடுத்தேன். எனக்கே என் மேல் கூச்சமாக இருந்தது. அதற்கடியில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

மோட்டார் ரிப்பேருக்குப் போயிருந்த நான்கு நாளும் காலையில் என் வாசலில் இரண்டு குடம் தண்ணீர் இருந்தது. முதல் நாள் நான் கதவைத் திறந்தபோது அவர்தான் மூச்சிரைக்க இறக்கி வைத்துக்கொண்டிருந்தார். அறுபது தாண்டிய மனிதர், அடிபம்ப்பில் அடித்துத் தூக்கி வந்திருக்கிறார்.

“டாக்டரு படி ஏறக் கூடாதுன்னு சொல்லிக்கீறாராமே. உன் வூட்டுக்காரரு நேத்துதான் சொன்னாரு” என்றார். “முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

நான் காலி வாளியை எடுத்து வந்து குடத்துத் தண்ணீரை மொண்டுகொண்டேன்.

ஐந்தாம் நாள் மோட்டார் வந்தது. காலையில் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாகப் பதினைந்தாவது நிமிடம் நின்றது. வால்வு திரும்பியது. தென்னைக்கு ஓடியது.

நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்று பல்லைக் கடித்தேன். அவர் குடம் சுமந்தது நினைவுக்கு வந்தது. வந்தும் டிக் அடித்தேன். தயங்கினேன் என்று எழுதினால் அது பொய்.

கீழே “தாத்தா பாரு” பாதியில் நின்றது. பிறகு வால்வு கிரீச்சென்று திரும்பியது. தொட்டியில் மறுபடி தண்ணீர் விழத் தொடங்கியது.

“தண்ணி வருதாம்மா?” என்று கீழிருந்து கேட்டார்.

“வருது சார்” என்றேன். டிக்கை எடுத்தேன்.

“இங்கயும் வருதும்மா” என்றார்.

அதற்குப் பிறகு தொட்டி நிரம்பாமல் மோட்டார் நின்றதில்லை. நானும் அந்தக் கட்டத்தைத் தொடவில்லை. இன்னும் இரண்டு வருடம் அங்கே இருந்தோம். இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. மோட்டாரே இல்லாத நான்கு நாளும் அவருக்கு நெட் வந்துகொண்டுதான் இருந்தது. மோட்டார் கருகிய அன்று மாலையே அவருக்கு எல்லாம் புரிந்திருக்கும். புரிந்த பிறகுதான் மறுநாள் காலையில் இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு என் படியில் ஏறினார் என்றால், அந்த ஆளை நான் ஜெயிக்கவே இல்லை.