விசராக் கிடக்கு என்று சொன்னதற்காக

லோஞ்சுப் படகு ஒன்றின் என்ஜின் அறை பற்றியெரிந்த அடுத்த கிழமை, எங்கள் தீயணைப்புக் குழுவை ஒவ்வொருவராக டொக்டரிடம் அனுப்பினார்கள். திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்த்த ஒரு கம்பனியின் குழு அது. உள்ளே அகப்பட்ட இரண்டு வேலையாட்களை நானும் ஒரு தம்பலகாமத்துப் பொடியனும்தான் வெளியே இழுத்தோம். இரண்டு பேரும் செத்துப்போயிருந்தார்கள்.

அதன்பிறகு எங்கள் குசினியில் மீன் பொரித்தால் நான் வெளியே ஓடிப்போய் மதிலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மனைவி பொரிப்பதையே விட்டுவிட்டாள். அதைச் சொல்லி மருந்து கேட்கத்தான் போனேன். உதவிக்கென்றுதான் கூப்பிட்டார்கள். வேலையைப் பறிக்க என்று ஒருவரும் சொல்லவில்லை.

டொக்டருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீசு போதாது. நடுவில் கம்பனிக் கிளாக்கர் இருந்தார். கொழும்பில் வளர்ந்தவர், தமிழ் அரைகுறை. எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"நித்திரையில்லை ஐயா. ஒரே விசராக் கிடக்கு."

எங்கள் பக்கத்தில் பஸ் பிந்தினாலும் விசர்தான், வெக்கை கூடினாலும் விசர்தான். மனம் அலுத்து எரிச்சலாய் இருக்கிறது, அவ்வளவுதான். கிளாக்கருக்கு அந்தச் சொல் விசர்நாயோடு, பைத்தியம் என்ற கருத்தில் மட்டும்தான் தெரியும்.

"விசரா?" என்றார்.

"ஓம் ஐயா, சரியான விசர்."

அவர் இங்கிலீசில் ஏதோ சொன்னார். டொக்டர் கதிரையைப் பின்னுக்கு இழுத்தார். கடித்துவிடுவேன் என்று நினைத்தாராக்கும்.

மறுநாள் என்னைத் தீயணைப்புப் பம்புக்குக் கிட்டப் போகவேண்டாம் என்றார்கள். எனக்கு மூளை சரியில்லையாம். மாதம் முடிந்ததும் வேலை இல்லையாம்.

எங்கள் குழுவுக்குப் பெரியவர் தமிழர், இந்த ஊர்க்காரர். அவருக்கு விளங்கும் என்று நம்பிப் போனேன். விளங்கியது, சிரித்தார். ஆனால் டொக்டர் சொன்னதை மாற்றத் தன்னால் ஏலாது என்றார். நித்திரையில்லை என்று நானே சொன்னேன்தானே என்றும் கேட்டார். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். தமிழ் தெரிந்த வேறொரு டொக்டரிடம் அனுப்பச் சொன்னேன்.

"சும்மா விசர்க் கதை கதையாதையும்" என்றார். அந்தச் சொல்லை அவர் சொல்லலாம், வேலை போகாது.

மனதைச் சோதிப்பது பிழை என்று நான் சொல்லவில்லை. சோதிக்கத்தான் வேண்டும். சோதிக்கிறவனுக்கு எங்கள் கதை விளங்க வேண்டும். உள்ளதைச் சொன்னவனின் சோற்றில் மண் அள்ளிப் போடக் கூடாது.

அடுத்தது தம்பலகாமத்துப் பொடியனின் முறை. அதற்கு முதல்நாள் என் வீட்டுக்கு வந்தான். கொடுத்த தேத்தண்ணியில் பாதி உடுத்திருந்த சாரத்தில் ஊற்றுப்பட்டது, கை அப்படி நடுங்கியது.

"அண்ணை, நான் என்னத்தைச் சொல்லுறது?"

"ஒண்டுமில்லை எண்டு சொல்லு. நல்லா நித்திரை வருது எண்டு சொல்லு."

"கை?"

"பொக்கற்றுக்குள்ள வை."

வைத்தான். அவன் சுகதேகி என்று முடிவாகியது. நான் கந்தளாயில் நெல்மூட்டை தூக்கப் போனேன். அங்கேயும் நித்திரை வரவில்லை. துறைமுகத்தில் ஆபத்துச் சங்கு ஊதினால், நெருப்புக்குள் இறங்குகிறவனின் கயிற்றை வெளியே பிடித்துக்கொண்டு நிற்கப்போவது அந்தக் கைதான்.