குதிரைக்குத் தெரிந்த ஐயோ

கனடாவில், லவால் நகருக்கு வடக்கே ஒரு குதிரைக் கொட்டிலில் எனக்கு வேலை. சென்ட் லோரன்ட் பகுதியில் நான் தைத்துக்கொண்டிருந்த தொழிற்சாலையை மூடியபிறகு கிடைத்தது அதுதான். டொரொன்டோவில் இருக்கும் மகள் போனில் துள்ளினாள்.

"அம்மா, உங்களுக்கு வேற வேலையே கிடைக்கேல்லையோ?"

"சாணி அள்ளத்தான் போறன் பிள்ளை, களவெடுக்கப் போகேல்லை."

கோபத்தில் போனை வைத்துவிட்டேன். பிறகு கதைக்க ஆளில்லை. என் மனுசன் செத்தபிறகு அந்த வீட்டில் சத்தம் போடுவது ஹீட்டர் மட்டும்தான்.

கொட்டில்காரர் ஹங்கேரியர். மனைவியை இழந்தவர், என்னைப் போலத் தனிக்கட்டை. அவரிடம் ஒரு செந்நிறப் பெட்டைக் குதிரை இருந்தது. கிட்ரான் என்ற வகை. அவருடைய நாட்டிலேயே அரிது. அதன் பாட்டியை அவர்தான் கப்பலில் கொண்டுவந்தாராம். வம்சத்தைத் தாய்வழியாகத்தான் பார்ப்பார்களாம். ஒரு பெட்டைக் குட்டி பிறந்தால்தான் அவரிடம் அது தொடரும். ஆனால் பிறந்ததெல்லாம் ஆண். இப்போது மறுபடி சினை. வயது போய்விட்டது, இதுதான் கடைசி என்று மிருக வைத்தியர் சொல்லிவிட்டார்.

அவர் அதன் கழுத்தைத் தடவி "யோ, யோ" என்பார். அவர்கள் பாஷையில் 'நல்லது' என்று அர்த்தம். அது தெரியாத முதல் நாள், குதிரை என் காலை மிதித்துவிட்டது. "ஐயோ!" என்று கத்தினேன். சனியன், காதை நிமிர்த்திக்கொண்டு வந்து என் தோளில் மூக்கை வைத்தது! பாராட்டுகிறேன் என்று நினைத்திருக்கிறது.

அதன்பிறகு இடுப்பு நோவு, மகள் போன் எடுக்காதது, எல்லாவற்றையும் அதனிடம்தான் சொன்னேன். நான் ஐயோ என்று புலம்பச் சந்தோசப்பட்ட சீவன் இந்த ஊரில் அது ஒன்றுதான்.

கொட்டில்காரரும் ஒருநாள் என் ஐயோவைக் கேட்டுவிட்டு, உடைந்த பிரெஞ்சில் சொன்னார்: "என் மனைவிக்குப் பிறகு 'யோ' என்று இங்கே வேறு யாரும் சொல்லவில்லை." எனக்குத் திருத்த மனம் வரவில்லை.

பனி கரையத் தொடங்கிய ஒரு காலையில் குட்டி வைக்கோலில் விழுந்தது. அவர் முழந்தாளிட்டு அதன் பின்காலைத் தூக்கிப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ஆண்.

"ஐயோ," என்றேன்.

தாய்க்குதிரை காதை நிமிர்த்தி, குட்டியை நக்கத் தொடங்கியது. அவர் கலங்கிய கண்ணோடு என்னைப் பார்த்தார்.

"நல்லது என்கிறாயா?"

"உய்," என்று பிரெஞ்சில் ஆமாம் சொன்னேன். வேறென்ன சொல்ல?

அவர் குட்டியின் ஈர நெற்றியில் கை வைத்து "யோ" என்றார். எங்கள் ஐயோ மாதிரியே இருந்தது.