வற்றல் டப்பாவுக்குள் போன கடிதம்

என் கணவருக்குப் பினாங்கில் கடை வேலை. தென்காசியில் எங்களுக்கு மகள் பிறந்ததும், அந்தச் செய்தியை எழுதி அவருக்கான நேந்திரங்காய் வற்றல் டப்பாவுக்குள் வைத்தேன்.

அப்பா தபாலாபீசில் விசாரித்து வந்தார். “ஏட்டி, ஏரோப்ளேன்ல நாலு நாளு, கப்பல்ல ஒன்றரை மாசமாம். எதுல போட?”

“வற்றல் கெட்டா போவும்? கப்பல்லயே போடுங்க.”

கடிதமும் கப்பலில்தான் போகும் என்பது என் மண்டையில் ஏறவில்லை. வாரக்கணக்கில் பதில் இல்லை. பெண் என்றதும் முகம் சுளித்துவிட்டார் என்று நினைத்து, வீம்பில் நானும் எழுதவில்லை. சாரலுக்கு வீடே குற்றாலம் போன அன்று, அழும் குழந்தையோடு தனியே கிடந்தேன்.

அன்றுதான் அப்பா பெயருக்கு என் கணவரின் விமானக் கடிதம் வந்தது; நானே பிரித்தேன்: “மாமா, பிரசவ நாள் தாண்டியும் ஒரு தகவலும் இல்ல. மறைக்காம எழுதுங்க. அவ உயிரோட இருக்காளா?”

இப்போது வற்றல் மட்டும்தான் கப்பலில் போகிறது. கடிதம் விமானத்தில். பதில் வராவிட்டாலும் அடுத்ததை எழுதிவிடுகிறேன்.