நான் அழித்த புராஜெக்ட்

தொண்ணூற்றாறோ ஏழோ இருக்கும். திருநெல்வேலியில் ஒரு மகளிர் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் உதவியாளராக இருந்தேன். பெரிய யூனிக்ஸ் மெஷின் ஒன்று, அதோடு இணைத்த பன்னிரண்டு டெர்மினல்கள். ‘ரூட்’ என்று உள்ளே நுழைந்துவிட்டால் அந்த மெஷினில் எதையும் செய்யலாம், யாரும் தடுக்க முடியாது. அதற்கான பாஸ்வேர்டு துறைத் தலைவி மேடத்துக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அந்தப் பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவாது.

மாணவிகள் போட்டுவிட்டுப் போகும் வேண்டாத கோப்புகளை அழிக்க நானே ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாகப் போட்ட சின்ன புரோகிராம், எழுதி வைத்திருந்தேன். கோப்புகளைப் பிரித்து வைக்கும் டைரக்டரிகளில் குப்பை சேரும் டைரக்டரிக்குப் போக வேண்டும், அங்கே இருப்பதை எல்லாம் அழிக்க வேண்டும், அவ்வளவுதான். பிழைச் செய்தி எதுவும் திரையில் தெரியாதபடியும் செய்திருந்தேன். பார்ப்பவர்கள் என் ஸ்கிரிப்ட் தப்பே செய்யாது என்று நினைக்க வேண்டுமே!

செய்முறைத் தேர்வுக்கு நான்கு நாள் இருந்தபோது, சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும் ஒரு மாணவியின் புராஜெக்ட் முழுவதும் காணாமல் போனது. நடவு நாட்களில் அடிக்கடி லீவு போடுகிறவள். அதனால் அவள் புராஜெக்டே செய்யவில்லை, கதை விடுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். புராஜெக்ட் இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது என்றார் மேடம். மெஷின் தானாக எதையும் அழிக்காது என்று நானும் ஒத்து ஊதினேன்.

அவள் அழவில்லை. என்னைப் பார்த்து, “நெசமா செஞ்சேன்க்கா. நேத்து நீங்களே பாத்தியளே” என்றாள்.

பார்த்தேன்தான். ஏதோ சந்தேகம் கேட்டாள் என்று அவள் டெர்மினலில் உட்கார்ந்து, அவள் டைரக்டரிக்குள் போய்ப் பார்த்தேன். அவள் பஸ்ஸுக்குக் கிளம்பியதும், எழுந்து என் டெர்மினலுக்குப் போகச் சோம்பல்பட்டு, அங்கேயே ரூட்டாக மாறி என் ஸ்கிரிப்டையும் ஓட்டிவிட்டு வந்தேன்.

மதியம் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு ஸ்கிரிப்டைத் திறந்தேன். செய்தியை மறைக்கும் பகுதியை எடுத்தேன். ஒரு புது டைரக்டரியில் சும்மா நாலு கோப்புகளைப் போட்டு, அங்கிருந்தே ஓட்டினேன். ‘அப்படி ஒரு டைரக்டரி இல்லை’ என்று ஒரு வரி வந்தது. பார்த்தால் நாலு கோப்புகளும் போயிருந்தன.

புது டிஸ்க் மாட்ட வந்த என்ஜினியர் முந்தின நாள் காலையில்தான் குப்பை டைரக்டரியின் பெயரை மாற்றியிருந்தார். என்னிடம் சொல்லவும் செய்தார். நான்தான் தலையை ஆட்டிவிட்டு மறந்துபோனேன். ஸ்கிரிப்ட் போக வேண்டிய இடத்துக்குப் போக முடியாமல், நின்ற இடத்தையே, அதாவது அவள் டைரக்டரியையே, அழித்திருக்கிறது. என் சொந்த லாகினில் ஓட்டியிருந்தால், இன்னொருத்தி கோப்பைத் தொட அனுமதி இல்லை என்று மெஷின் தடுத்திருக்கும். ரூட் ஆயிற்றே.

அந்த ஸ்கிரிப்டைப் படித்துப் புரிந்துகொள்ள அங்கே வேறு ஆளில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும் வகுப்புக்குப் போய், அத்தனை பேர் முன்னால் நான்தான் அழித்தேன் என்று சொன்னேன்.

மேடம் என்னை வெளியே கூப்பிட்டு, “எல்லார் முன்னாடியும் சொல்லுதியே, வேலைக்கு என்ன ஆகும்னு யோசிச்சியா?” என்றார். யோசித்துவிட்டுத்தான் வந்தேன் என்றேன்.

மறுநாள் அந்தப் பெண் ஒரு கட்டு நோட்டுகளோடு வந்தாள். பிரிண்டரில் எடுத்த பழைய தாள்களை நோட்டுக்கு அட்டை போடக் கொண்டுபோவது எங்கள் கல்லூரி வழக்கம். அவள் அட்டை போட்டிருந்தது எல்லாம் அவளுடைய புராஜெக்ட் புரோகிராமே! பசை ஒட்டிய தாள்களை உரித்து உரித்து அவள் வாசிக்க, நான் தட்டினேன். விட்டுப்போன பகுதிகளை மனப்பாடமாகச் சொன்னாள். இரண்டு நாளில் முடித்தோம். தேர்வு எழுதினாள், பாஸும் ஆனாள்.

எனக்கு மெமோ வந்தது. ஆனால் ரூட் பாஸ்வேர்டை மேடம் மாற்றவில்லை. அது எனக்குத் தெரியும் என்று முதலில் இருந்த கர்வம் அன்றோடு போய்விட்டது. அதற்குப் பிறகும் அதை என்னிடமே விட்டுவைத்தார்களே என்ற பெருமை மட்டும் இன்றுவரை குறையவில்லை.