ரொசெண்டா வயர்லெஸ்ஸில் சொன்ன வார்த்தை

ரொசெண்டாவால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. சோப்பு அடுக்கிக்கொண்டிருக்கும்போதே கை பாதியில் நின்றுவிடும். எட்டிக் கடலைப் பார்ப்பாள். தீவின் மீனவர் சங்கம் வயர்லெஸ் பெட்டியை அவள் கடை அலமாரியில் கொண்டுவந்து வைத்ததிலிருந்து இப்படித்தான். காதின் ஒரு ஓரம் எப்போதும் கடலிலேயே கிடந்தது.

பெட்டியில் பேசுவதற்கென்று கொஞ்சம் இங்கிலீஷ் வார்த்தைகள் உண்டு. கடலோரக் காவல்படைக்காரர்கள் வேறு வேறு தீவுகளிலிருந்து வருகிறவர்கள். அவர்கள் பாஷை இங்கே பாதிப் பேருக்குப் பிடிபடாது. அதனால் பயிற்சியில் எல்லாருக்கும் ஒன்றுபோலச் சொல்லிக்கொடுத்தார்கள். 'அசிஸ்ட்' என்றால் கைவேலை முடிந்ததும் வருவார்கள். 'ரெஸ்க்யூ' என்றால் போட்டது போட்டபடி வருவார்கள்; அதற்கு முன்னால் உயிராபத்து என்று காட்ட 'மேடே' என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். ரொசெண்டாவுக்கு அந்த வார்த்தைகள் பிடித்துப்போயின. அரிசி அளக்கும்போது 'சேஃப், செக்யூர், ரிலீஸ்' என்று வாய்க்குள் உருட்டிப் பார்ப்பாள்.

ஆனால் தீவில் யாரும் ரெஸ்க்யூ என்று கூப்பிடமாட்டார்கள். ஒரு தடவை தெல்ஃபின் கூப்பிட்டான். காவல்படைப் படகு போய்ச் சேர்வதற்குள் அவனுடைய இன்ஜின் தானாகவே கிளம்பிவிட்டது. அன்றிலிருந்து அவன் பேரே ரெஸ்க்யூ. சண்டையில் அவன் சேவல் தோற்றால் 'மேடே, மேடே' என்று கூவினார்கள். அவன் மகளைக் கட்டியவன் ரெஸ்க்யூ மருமகன் ஆனான். எல்லாரையும்விட பலமாகச் சிரித்தவன் ரொசெண்டாவின் புருஷன் கிறிசாந்தோ.

அன்று மத்தியானம் தென்மேற்குக் காற்று சொல்லாமல் கொள்ளாமல் திரும்பியது. தெல்ஃபின் கடை பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டியைக் காப்பியில் நனைத்துக்கொண்டிருந்தான். பெட்டி கரகரத்தது. பொன்சோவையும் இன்னொருவனையும் கூட்டிக்கொண்டு விடியலில் கடலுக்குப் போன கிறிசாந்தோவின் குரல்.

"நாங்க நல்லாத்தான் இருக்கோம். படகு சாயாம தாங்குற பக்கத்து மூங்கில் ஒண்ணு ஒடிஞ்சிருக்கு, அவ்வளவுதான். அசிஸ்ட் கிடைச்சா போதும். அவசரமில்ல."

அக்கரையிலிருந்த காவல்படை நிலையம் கேட்டுக்கொண்டது. பயணிகள் படகு ஒன்று வந்துகொண்டிருக்கிறது, அதைக் கரை சேர்த்துவிட்டு வருகிறோம் என்றார்கள். அவன் சொன்ன வார்த்தைக்கு அதுதான் சரியான பதில்.

ரொசெண்டா கேட்டுக்கொண்டிருந்தது குரலை அல்ல, குரலுக்குப் பின்னால் இருந்ததை. படகுக்குள் வரும் தண்ணீரை இறைக்கிற தகரம் அவள் கடையிலிருந்து போன எண்ணெய்த் தகரம். இறைக்கும்போது அது பலகையில் உரசிக் கீச்சிடும். இப்போது கீச்சிடவில்லை. சளப், சளப் என்று மட்டும் கேட்டது. தகரம் அடியைத் தொடவேயில்லை; படகுக்குள் அவ்வளவு தண்ணீர்.

மைக்கை எடுத்து, யார் இறைப்பது என்று கேட்டாள். பொன்சோ என்றான்.

"நீ என்ன பண்ற?"

"நானுந்தான். நீ கடையைப் பாரு."

தெல்ஃபின் காப்பியை வைத்துவிட்டு எழுந்தான். "நான் சொல்லட்டுமா அக்கா? எனக்கென்ன, இருக்கிற பேருதானே."

அவள் மைக்கைக் கொடுக்கவில்லை. நிலையத்துக்குத் தெரிந்த குரல் அவளுடையது. ஆனால் அவள் சொல்லி, அங்கே ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால், கிறிசாந்தோ இந்தக் கரையில் தலைநிமிர்ந்து நடக்கமாட்டான்; அவளையும் மன்னிக்கமாட்டான். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவள் நினைக்கவில்லை. கட்டைவிரல் தானாக அழுத்தியது. மேடே, மேடே, மேடே. படகின் பேர், இடம், மூன்று ஆட்கள். ரெஸ்க்யூ. கடலிலிருந்த எல்லாப் படகுக்கும் கேட்டது.

"ரொசெண்டா, வேண்டாம். இல்லன்னு சொல்லிடு," என்றான் கிறிசாந்தோ பெட்டியில்.

அவள் சொல்லவில்லை.

அதற்கப்புறம் சோயா சாஸ் கேட்டவளுக்கு வினிகர் கொடுத்தாள். வாசலுக்குப் போனாள், பெட்டிக்கு வந்தாள், மறுபடி வாசல். தெல்ஃபினின் காப்பி ஈ மொய்த்துக் கிடந்தது. அவன் பெஞ்சை விட்டுப் போகவில்லை. கடைசியில் பெட்டி சொன்னது: மூன்று பேரும் பத்திரம். படகு முழுகிவிட்டது, அவர்கள் காவல்படைப் படகில் ஏறிக்கொண்டிருக்கும்போதே.

வெயில் தாழும் முன்னால் கிறிசாந்தோ வந்தான். காவல்படையின் ஆரஞ்சுச் சட்டை, வெறுங்கால். பெஞ்சில் தெல்ஃபின் நகர்ந்து இடம் விட்டான். ரொசெண்டா சோறும் பொரித்த கருவாடும் வைத்தாள். அவன் தொடவில்லை.

"எல்லாருக்கும் கேட்டுச்சா?"

"எல்லாருக்கும்."

சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது பெட்டியில் யாரோ ஒரு படகுக்காரன், கேலியை அடக்க முடியாமல் இழுத்தான்: "ரெஸ்க்யூ, ரெஸ்க்யூ... கேக்குதா?"

பெஞ்சிலிருந்த இரண்டு தலையும் ஒன்றாகத் திரும்பின. கிறிசாந்தோ கையை நீட்டினான். ரொசெண்டா மைக்கைக் கொடுத்தாள்.

"எந்த ரெஸ்க்யூடா வேணும்? இங்க ரெண்டு பேர் இருக்கோம்."

தெல்ஃபின் வாயைப் பொத்திக்கொண்டான். கிறிசாந்தோ சோற்றைப் பிசைய ஆரம்பித்தான். ரொசெண்டா அவனைப் பார்க்கவில்லை. பெட்டியில் கேலி செய்தவனின் குரலுக்குப் பின்னால் என்ன சத்தம் கேட்கிறது என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். காற்று இன்னும் அடங்கவில்லை.